சிங்கப்பூர்க் கரையிலிருந்து ரோந்துக் கப்பல்களைப் படமெடுத்து அடையாளம் காண்பது: முழுமையான வழிகாட்டி

கரையில் நின்றோ, பொது ஃபெர்ரியில் போகும்போதோ ரோந்துக் கப்பல்களைப் படமெடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிரோன் விடுவது பற்றி இதில் ஒன்றும் இல்லை. ரோந்துக் கப்பலுக்கு மேலே டிரோன் விடும் யோசனை இருந்தால் அதை இப்போதே மறந்துவிடுங்கள்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முதலில் நீள லென்ஸ் வாங்குவார்கள், அப்புறம் இடம் தேடுவார்கள், அப்புறம் நூற்றுக்கணக்கில் எடுப்பார்கள். எல்லாம் முடிந்தபிறகு “அண்ணே, இது என்ன கப்பல்?” என்று படத்தை அனுப்புவார்கள். அந்தப் படத்தில் எண் தெரியாது, பாய்மரம் (ரேடாரும் ஆண்டெனாவும் இருக்கும் கம்பம்) பாதி வெட்டுப்பட்டிருக்கும். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்தால் இந்தச் சிக்கல் வராது.

1. யாருடைய கப்பல் என்று பிரிக்கப் பழகுங்கள்

இதை வீட்டிலேயே செய்து முடித்துவிட வேண்டும். கடலில் படகு உங்கள் முன் இருப்பது ஓரிரு நிமிடங்கள்தான். அதற்குள் எந்தப் பகுதியைப் படமெடுக்க வேண்டும் என்று முடிவு செய்ய, அது யாருடையது என்ற ஊகமாவது இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் கடலோரக் காவல் படை என்பது காவல்துறையின் ஒரு பிரிவு. தலைமையகம் பிராணித் தீவில் இருக்கிறது. அதோடு குல், லிம் சூ காங், லோயாங் ஆகிய இடங்களிலும் தளங்கள் உண்டு. படகுகளின் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘போலீஸ் கோஸ்ட் கார்டு’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். எண்ணுக்கு முன்னால் வரும் இரண்டு எழுத்துகள்தான் முக்கியம். பிஎச் என்று தொடங்குபவை 35 மீட்டர் நீளமுள்ள கடலோர ரோந்துக் கப்பல்கள். சுறா வகைகளின் பெயர்களை இவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். பிடி என்றால் அன்றாட ரோந்துப் படகு. பிகே என்றால் விரட்டிப் பிடிக்கும் அதிவேகப் படகு.

கடற்படை தனி. கரையோரப் பணிகளுக்கான அதன் லிட்டோரல் மிஷன் கப்பல்கள் 80 மீட்டர் நீளம், மொத்தம் எட்டு. முதல் கப்பலான ‘இன்டிபென்டன்ஸ்’ 2017 மே மாதம் பணியில் சேர்ந்தது. புதியவர்களை அதிகம் குழப்புவது கடற்படையின் சென்டினல் வகைதான். சென்டினல், கார்டியன், புரொடெக்டர், பாஸ்டியன் என்று நான்கு. பழைய ஃபியர்லெஸ் வகை ரோந்துக் கப்பல்களைப் புதுப்பித்து, கடல் பாதுகாப்பு வேலைக்கென்றே மாற்றியவை. பக்கவாட்டில் கனமான மோதல் தாங்கிகள், தூரத்துக்குக் குரல் எறியும் ஒலிபெருக்கி, கண் கூசவைக்கும் லேசர் எல்லாம் உண்டு. இவை செய்யும் வேலை கடலோரக் காவல் வேலை மாதிரியே இருக்கும், ஆனால் ஆட்கள் கடற்படையினர்.

அண்டை நாட்டுப் படகுகளும் நம் கண்ணில் படும். ஜோகூர் நீரிணையில் எல்லை அவ்வளவு பக்கம். மலேசியக் கடல்சார் அமலாக்கத் துறைக் கப்பல்களின் பெயர் கேஎம் என்று தொடங்கும். இந்தோனேசியாவின் கடல் பாதுகாப்பு அமைப்பான பகாம்லாவின் கப்பல்களுக்கு கேஎன். மூன்று நாட்டுப் போலீஸ் படகுகளைப் பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. பக்கத்தில் எழுதியிருக்கும் ‘போலீஸ்’ என்ற சொல்லின் கடைசி ஆங்கில எழுத்தைப் பாருங்கள். ‘இ’ என்றால் நம்முடையது, ‘எஸ்’ என்றால் மலேசியா, ‘ஐ’ என்றால் இந்தோனேசியா.

வழக்கமான தவறு: வெள்ளைக் கப்பலில் சாய்ந்த பட்டையைப் பார்த்ததும் அமெரிக்கக் கடலோரக் காவல் படை என்று எழுதிவிடுவது. அந்தச் சாய்ந்த பட்டையை 1967இல் அமெரிக்கா கொண்டுவந்தது உண்மைதான். அதன் பிறகு இந்தியா, பிலிப்பீன்ஸ், மலேசியா என்று பல நாடுகள் தங்கள் நிறங்களில் போட்டுக்கொண்டன. பட்டையை வைத்து “இது கடலோரக் காவல் கப்பல்” என்று சொல்லலாம், நாட்டைச் சொல்ல முடியாது.

2. நிற்க அனுமதியுள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பாதுகாக்கப்பட்ட இடம் என்று அறிவிக்கப்பட்டவற்றை அனுமதியின்றிப் படமெடுப்பது குற்றம். கடற்படைத் தளங்கள், காவல் படைத் தளங்கள், சில துறைமுகப் பகுதிகள் எல்லாம் இதற்குள் வரும். வேலியில் நான்கு மொழியிலும் எழுதிய பலகை இருக்கும், தமிழும் அதில் உண்டு. ஆகவே தெரியவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

நான் புதியவர்களுக்குச் சொல்லும் விதி இதுதான்: பொதுப் பூங்காவில் நில், திறந்த நீரில் ஓடும் படகை மட்டும் எடு, தளமோ வேலியோ படகுத்துறையோ சட்டகத்துக்குள் வருகிறது என்றால் கேமராவை இறக்கு. தளத்திலிருந்து படகு புறப்படும் காட்சிதான் அழகு என்று தோன்றும். அதை விட்டுவிடுங்கள்.

தொடங்க நல்ல இடம் சாங்கி. பேருந்து எண் 2 பிடித்து சாங்கி வில்லேஜில் இறங்கினால் படகுத்துறைக்குப் பக்கத்தில் கடற்கரை நடைபாதை இருக்கிறது. உபின் தீவுக்கும் நமக்கும் இடையே கால்வாய் ஒடுங்கி இருப்பதால் படகுகள் நெருக்கமாகப் போகும். அவை வராத நேரத்தில் உபினுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பம்போட்டுகளை வைத்துப் பயிற்சி செய்துகொள்ளலாம். பசித்தால் நாசி லெமாக் கடைகள் பக்கத்திலேயே.

பிடோக் ஜெட்டி வேறு மாதிரி. நங்கூரமிட்ட சரக்குக் கப்பல்களின் பின்னால், தூரத்தில், பெரிய கப்பல்கள் போகும். சிங்கப்பூர் நீரிணையில் மேற்கு நோக்கிப் போகும் பாதை நம் கரைப் பக்கம், கிழக்கு நோக்கிப் போகும் பாதை இந்தோனேசியப் பக்கம். வெளிநாட்டுக் கடலோரக் காவல் கப்பல் ஒன்று மேற்கே போகிறதென்றால் பிடோக்கில் வாய்ப்பு உண்டு, கிழக்கே போனால் புள்ளிதான் கிடைக்கும். ஜெட்டியில் மீன் பிடிக்கும் அங்கிள்களின் தூண்டிலுக்குப் பின்னால் நடந்து போங்கள், முன்னால் முக்காலி போட்டு இடத்தைப் பிடிக்காதீர்கள். எந்தப் படகு எப்போது வந்தது என்று அவர்களைக் கேட்டால் செயலியைவிட நன்றாகச் சொல்வார்கள்.

செம்பவாங் பூங்கா, லேப்ரடார் பூங்கா, மரினா சவுத் பியர் ஆகியவை அடுத்த கட்டத்துக்கு. நெருக்கமாகவும் கவலையில்லாமலும் எடுக்க வேண்டும் என்றால் தேசிய தின அணிவகுப்பை விடாதீர்கள். மரினா பேயில் நடக்கும் ஆண்டுகளில் காவல் படகுகளைக் காட்டுவதே மக்கள் பார்க்கத்தான். அதற்கு முந்தைய வாரங்களில் சனிக்கிழமை ஒத்திகைகளும் நடக்கும்.

அதிகாரி யாராவது வந்து கேட்டால் ஐசியைக் காட்டி, எடுத்த படங்களையும் காட்டுங்கள். வாதாட வேண்டாம். படகுகள் எல்லாவற்றையும் எடுத்துப் பட்டியலிடும் பழக்கம் என்று சொல்லிப் பம்போட் படங்களைக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

3. இடத்தோடு மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள்

நம் ஊரில் சூரியன் ஏழு மணியை ஒட்டி உதித்து ஏழு மணியை ஒட்டி மறையும், அதில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் எந்தப் பக்கமாகப் போகிறது என்பது மாறும். நில நடுக்கோட்டுக்கு மிகப் பக்கத்தில் இருப்பதால், மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து போகும். மற்ற மாதங்களில் தெற்கே.

பிடோக்கிலும் லேப்ரடாரிலும் நீங்கள் தெற்கே பார்த்து நிற்கிறீர்கள். ஜூன் மாதம் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கப்பல்மேல் விழும். டிசம்பரில் அதே இடத்தில் சூரியன் எதிரே நிற்கும், கப்பல் கறுப்பு நிழலாகிவிடும், எண் படிக்க முடியாது. சாங்கி நடைபாதையிலும் செம்பவாங்கிலும் வடக்கே பார்த்து நிற்பதால் கணக்கு தலைகீழ்: அங்கே டிசம்பர், ஜனவரிதான் நல்லது. டிசம்பரில் பிடோக்கில் நின்றுகொண்டு கேமராவைக் குறை சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நேரம் என்றால் காலை ஏழரையிலிருந்து பத்துக்குள். பத்து மணிக்கு மேல் கடல்மேல் காற்று சூடாகி அலையாட ஆரம்பிக்கும். அப்போது எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸ் போட்டாலும் தூரத்து எழுத்துகள் உருகித்தான் தெரியும். அது ஃபோகஸ் பிழை இல்லை, லென்ஸைக் கடைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. விடிகாலையில் சுமத்ராக் காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த காலைகளில் காற்று கழுவிவிட்டாற்போல் தெளிவாக இருக்கும். மழை என்று வீட்டில் தூங்கிவிடாதீர்கள். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை புகைமூட்டம் வரலாம், கிளம்பும் முன் காற்றுத்தரக் குறியீட்டைப் பார்த்துவிடுங்கள்.

4. கையில் இருக்க வேண்டியவை

முதலில் தொலைநோக்கி, அப்புறம் லென்ஸ். எட்டு மடங்கு போதும், பத்துக்கு மேல் போனால் கை நடுக்கம் தெரியும். படகைக் கண்டுபிடித்து எண்ணைப் படிக்கும் வேலையைக் கேமராவின் சின்னக் கண்ணாடி வழியாகச் செய்வது அவஸ்தை.

லென்ஸுக்கு ஒரு கணக்கு. முழுச் சட்டகக் கேமராவில் 400 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால், 500 மீட்டர் தூரத்தில் போகும் 35 மீட்டர் கப்பல் சட்டகத்தின் முக்கால் அகலத்தை நிரப்பும். ஒரு கிலோமீட்டரில் அதில் பாதி. ஆகவே சாங்கிக்கு 100–400 தாராளம். பிடோக்கில் 600 போட்டாலும் குறைவுதான்.

மீதி: தண்ணீர், தொப்பி, குறிப்பேடு, லென்ஸ் துடைக்க இரண்டு துணி. உப்புத் தெறித்தால் முதலில் காற்றூதி, அப்புறம் ஈரத் துணி, கடைசியில் உலர்ந்த துணி. எடுத்தவுடன் உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறிவிடும்.

5. கேமராவை வீட்டிலேயே அமைத்துவிடுங்கள்

கரையில் நின்று மெனுவைத் தேடினால் படகு போய்விடும்.

ஷட்டர் 1/1000 அல்லது அதற்கு வேகமாக. படகு, உங்கள் கை இரண்டும் ஆடும், நீள லென்ஸ் அதைப் பெரிதாக்கிக் காட்டும். துளை எஃப் 8, ஐஎஸ்ஓ தானியங்கி, ஃபோகஸ் தொடர்முறை. வெள்ளை மேற்கட்டு வெயிலில் வெளுத்துப் போகாமல் இருக்க வெளிச்சத்தை அரைப் படியிலிருந்து முக்கால் படி வரை குறைத்து வையுங்கள். வெளுத்த இடத்தில் எழுத்து இருந்தால் அதை மீட்கவே முடியாது, இருட்டானதை ரா கோப்பிலிருந்து மீட்கலாம்.

கேமரா கடிகாரத்தைக் கைபேசி நேரத்தோடு பொருத்துங்கள். இதை யாரும் செய்வதில்லை. ஒன்பதாம் படியில் இது இல்லாமல் சிரமப்படுவீர்கள்.

குளிர்சாதன அறையிலிருந்து எடுத்த கேமராவை வெளியே வந்ததும் திறந்தால் லென்ஸ் முழுக்கப் பனிக்கும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளிச்சூட்டில் வைத்த பிறகு திறங்கள்.

6. ஏஐஎஸ் செயலியை நம்ப வேண்டிய அளவு நம்புங்கள்

மரைன் டிராஃபிக், வெசல் ஃபைண்டர் போன்ற செயலிகள், கப்பல்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் தானாக அறிவிக்க அனுப்பும் ஏஐஎஸ் சமிக்ஞையைக் காட்டுகின்றன. பெரிய வணிகக் கப்பல்களுக்கு இது கட்டாயம். போர்க்கப்பல், அரசுக் காவல் கப்பல் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் திரையில் காணோம் என்பதற்காகக் கடலில் இல்லை என்று நினைக்காதீர்கள்.

பின்னே எதற்கு இது? கழித்துப் பார்க்க. கண்ணுக்குத் தெரியும் பத்துக் கப்பலில் ஒன்பது திரையில் இருந்தால், பத்தாவதைக் கவனிக்க வேண்டும். வருகைக்கு வரும் வெளிநாட்டுக் கடலோரக் காவல் கப்பல்கள் துறைமுகத்தை நெருங்கும்போது பல நேரம் சமிக்ஞை போடும். அதன் ஒன்பது இலக்க எண்ணில் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் காட்டும்: சிங்கப்பூர் 563 முதல் 566 வரை, மலேசியா 533, இந்தோனேசியா 525, இந்தியா 419, பிலிப்பீன்ஸ் 548, ஜப்பான் 431 அல்லது 432.

7. படகு வந்ததும் எந்த வரிசையில் எடுப்பது

பெரும்பாலான படங்கள் வீணாவது இந்த இடத்தில்தான். சாங்கியில் ஒரு ரோந்துப் படகு உங்களை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரே வரும்போது தெரிவதெல்லாம் ஒரு வெள்ளை நுரையும் அதன்மேல் ஒரு கண்ணாடி அறையும்தான். கேமரா ஆவலோடு நுரையைத்தான் ஃபோகஸ் பிடிக்கும். புதியவர் விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருப்பார். படகு திரும்பிப் பக்கவாட்டைக் காட்டும் அந்தச் சில நொடியில் கேமரா முந்தைய படங்களை எழுதி முடிக்காமல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். போன தடவை உடன் வந்த தம்பி ஒருவரிடம் நுரை மட்டும் ஓர் ஆல்பம் அளவுக்குச் சேர்ந்தது. எண் ஒன்றில்கூட இல்லை.

வரும்போது விரலை அடக்குங்கள். பக்கவாட்டு முழுதாகத் தெரிந்ததும் முதலில் அதை எடுங்கள், முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டு, பாய்மரத்தின் உச்சி வெட்டுப்படாமல். வகையை நிர்ணயிப்பது இந்தப் படம்தான். மேற்கட்டு எங்கே தொடங்குகிறது, சன்னல்கள் எத்தனை, பின்தளம் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் வேறு கோணத்தில் சுருங்கிவிடும்.

அடுத்து எண். ஃபோகஸ் புள்ளியை எழுத்தின் விளிம்பில் வையுங்கள். வெறும் நிறப் பரப்பில் வைத்தால் கேமரா பிடிமானம் கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும்.

மூன்றாவது பாய்மரம். ரேடார், கேமரா உருண்டை, ஆண்டெனா எல்லாம் அங்கேதான். ஒரே வகைப் படகுகளுக்குள் மாற்றம் தெரிவதும் அங்கேதான்.

நான்காவது, படகு கடந்து போகும்போது பின்பக்கம். இதை யாரும் எடுப்பதில்லை, போய்விட்டதே என்று கேமராவை இறக்கிவிடுகிறார்கள். வெளியே தொங்கும் எஞ்சின்கள் எத்தனை, சின்ன ரப்பர் படகை இறக்கும் சரிவுப்பாதை இருக்கிறதா, தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளும் வாட்டர்ஜெட்டா அல்லது சுழலியா என்பதெல்லாம் பின்னால்தான் தெரியும். வாட்டர்ஜெட் படகு நிற்கும்போது பாருங்கள்: பின்னால் ஒரு வாளி போன்ற தகடு இறங்கி நீரை முன்பக்கம் திருப்பிவிடும். படகு தன் நீளத்தின் சில மடங்கிலேயே நின்றுவிடும்.

நீலச் சுழல்விளக்கு எரிந்தால் மட்டும் தொடர்ந்து அமுக்குங்கள். விளக்கு அணைந்து எரிவதால் ஒரு படத்தில் இருக்கும், அடுத்ததில் இருக்காது.

இவ்வளவும் முடிந்தபின் நுரை, சூரியன், அழகு எல்லாம் உங்கள் விருப்பம்.

8. ஃபெர்ரியிலிருந்து எடுப்பது

ஹார்பர்ஃபிரண்டிலிருந்து பாத்தாம் போகும் ஃபெர்ரி நல்ல வாய்ப்பு. ஆனால் புறப்பட்ட முதல் சில நிமிடங்கள் துறைமுகப் பகுதி வழியாகப் போகும், அப்போது கேமரா பையில் இருக்கட்டும். திறந்த நீருக்கு வந்தபின் எடுங்கள்.

கைப்பிடிக் கம்பியில் லென்ஸைச் சாய்க்காதீர்கள், எஞ்சின் அதிர்வு அப்படியே ஏறும். முழங்காலைச் சற்று மடக்கி உடம்பால் ஆட்டத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி வழியாகத்தான் எடுக்க முடியும் என்றால் லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில், ஆனால் தொடாமல் பிடியுங்கள்.

9. வீட்டுக்கு வந்து படத்தைப் படியுங்கள்

கற்றுக்கொள்வது இங்கேதான் நடக்கிறது. அதே இரவில் செய்ய வேண்டும், மறுநாள் என்றால் எது எங்கே எடுத்தது என்று மறந்துவிடும்.

முதலில் எண்ணை மூடிக்கொண்டு உருவத்தை மட்டும் பார்த்து வகையை எழுதுங்கள், பிறகு எண்ணைத் திறந்து சரிபாருங்கள். எண்ணைப் பார்த்துவிட்டு உருவத்தைப் பார்த்தால் கண் சோம்பேறியாகிவிடும்.

அப்புறம் பாய்மரத்துக்கு வாருங்கள். கிடைமட்டமாகச் சுழலும் கம்பி இரண்டு இருந்தால், குட்டையானது எக்ஸ் பேண்ட் ரேடார், நீளமானது எஸ் பேண்ட். அலைநீளம் முன்னதற்குச் சுமார் 3 சென்டிமீட்டர், பின்னதற்குச் சுமார் 10. அலை நீளமானால் அதே கூர்மைக்கு ஆண்டெனாவும் நீள வேண்டும். எக்ஸ் பேண்ட் சின்னப் பொருளையும் காட்டும் ஆனால் கனமழையில் திணறும், எஸ் பேண்ட் மழையை ஊடுருவும். நம் ஊர் மழையைப் பார்த்தவர்களுக்குப் பெரிய கப்பல்கள் இரண்டையும் ஏன் சுமக்கின்றன என்று சொல்லத் தேவையில்லை. சின்னப் படகில் நீளக் கம்பிக்கு இடமும் இல்லை, எடையும் தாங்காது.

படத்தின் நேரத்தை ஏஐஎஸ் பதிவோடு ஒப்பிட்டு, பின்னணியில் இருக்கும் கப்பல்களையும் பெயர் கண்டு எழுதுங்கள். ரோந்துப் படகுக்கு ஒட்டிய மாதிரி போகும் கப்பலின் நீளம் தெரிந்தால் படகின் நீளத்தையும் உத்தேசமாகக் கணக்கிடலாம். இரண்டும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், அது முக்கியம்.

பதிவேட்டில் தேதி, இடம், எண், வகை, எப்படித் தெரிந்தது என்று ஐந்து கட்டம் போதும். கடைசிக் கட்டம்தான் உயிர்: “எண் படித்தேன்”, “உருவத்தால் ஊகம்”, “வேறொருவர் சொன்னது” என்று பிரித்து எழுதுங்கள்.

படகுகள் ஏன் அந்தப் பகுதியில் சுற்றுகின்றன என்று புரிய, ரீகாப் தகவல் பகிர்வு மையத்தின் அறிக்கைகளைப் படியுங்கள். 2006 முதல் சிங்கப்பூரில் இயங்கும் மையம் இது. நீரிணையில் சரக்குக் கப்பல்களிலும் இழுவைப் படகுகளிலும் ஏறித் திருடும் சம்பவங்களை இடம், நேரத்தோடு வெளியிடுகிறார்கள். நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சு தரும் பதில்களிலும் நல்ல விவரம் கிடைக்கும், அவை எல்லாருக்கும் திறந்தவை.

வெளிநாட்டுக் கப்பல்களுக்கு வருவோம். நம்மவர்களுக்கு ஆர்வம் தரக்கூடியது இந்தியக் கடலோரக் காவல் படையின் விக்ரம் வகை: 98 மீட்டர், சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கட்டிய ஏழு கப்பல்கள். அதோடு அமெரிக்காவின் 127 மீட்டர் நேஷனல் செக்யூரிட்டி கட்டர், பிலிப்பீன்ஸின் 97 மீட்டர் தெரேசா மக்பனுவா ஆகியவற்றின் பக்கவாட்டுப் படங்களை ஒரே அளவுகோலில் அடுக்கிப் பாருங்கள். ஹெலிகாப்டர் தளம் கப்பலின் எவ்வளவு பங்கைத் தின்கிறது என்று தெரியும். கரையோரத்தில் நாள்தோறும் ஓடும் நம் படகுகளுக்கு அது ஏன் வேண்டியதில்லை என்பதும் புரியும்.

10. வெளியே போடும் முன்

உடனே போடாதீர்கள், ஒரு நாளாவது கழியட்டும். இடக்குறிப்பைப் படத்திலிருந்து நீக்குங்கள். பணியாளர் முகம் தெளிவாகத் தெரிந்தால் மங்கலாக்குங்கள், அவர்கள் வேலை செய்துகொண்டிருப்பவர்கள். எந்தப் படகு எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் போகிறது என்று தொகுத்து எழுதுவது வேண்டவே வேண்டாம். பதிவேட்டில் நேரத்துக்குக் கட்டம் வைக்காததன் காரணமும் அதுதான். சரிபார்க்க வேண்டிய நேரம் ரா கோப்பில் இருக்கிறது, அது உங்களிடமே இருக்கட்டும்.

வகை உறுதியாகத் தெரியாத படத்தைக் கேள்விக்குறியோடு போடுங்கள். தவறான பெயரோடு போட்டால் அது நகலாகி ஊரெல்லாம் சுற்றும். கேள்விக்குறி போட்டால் தெரிந்தவர் யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார்.